ரித்திக்கும் தாழ்ப்பாளும்

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு வீட்டில் இருந்தவர்கள்: அம்மா ரஞ்சிதம். அக்கா வைஷாலி, வயது பதினைந்து. ரித்திக், வயது பதினொன்று. தொட்டியில் ஒரு மீன். அப்புறம், ரித்திக்கின் சக்கர நாற்காலியில் புதிதாகப் பொருத்திய கைத்தாங்கி.

அப்பா இல்லை. பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு மணிக்குத்தான் வருவார்.

ரித்திக்குக்குத் தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய். இடக்கை விரல்களால் நாற்காலியை ஓட்டுவான். வலக்கையைத் தூக்க முடியாது. அதற்காகத்தான் கைத்தாங்கி வந்தது. ஓர் உலோகக் கம்பி, இரண்டு ஸ்பிரிங், முன்கையை வைத்துக்கொள்ள ஒரு சின்னத் தொட்டில். கையின் எடையை அது சுமந்துகொள்ளும். இப்போது அவனால் மூக்கைச் சொறிய முடியும். முதல் நாள் தேவையே இல்லாமல் பத்து முறை சொறிந்தான்.

சிங்கப்பூரில், தேக்கா சந்தைக்கு மேலே பதினோராவது மாடியில் அவர்கள் வீடு. ரித்திக்கைப் பார்த்துக்கொள்ள எப்போதும் யாராவது இருப்பார்கள். சனிக்கிழமை அக்காவின் முறை. அவள் வெளியே தாழ்வாரத்தில் பந்து தட்டுவாள். அவன் உள்ளே இருந்தபடி எண்ணுவான். போன வாரம் நானூற்றுப் பன்னிரண்டு. அவளும் தனி, அவனும் தனி. நடுவில் ஒரு கதவு.

"அக்கா, இன்னிக்கு தெம்பனிஸ்ல நெட்பால் செலக்‌ஷன்தானே?"

வைஷாலி திரும்பினாள். "உனக்கு எப்படித் தெரியும்? என் போனைப் பார்த்தியா?"

"நான் பார்க்கல. மேசையில கிடந்து அதுதான் என்னைப் பார்த்துச்சு."

"எனக்கு அந்த டீம் வேணாம் லா." பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாள். அது சுவரில் மோதி மறுபடி அவள் காலடிக்கே வந்தது.

ரித்திக் அம்மாவைப் பார்த்தான். "நாலு மணி வரைக்கும் நான் தனியா இருக்கேனே."

"எப்படிடா?" வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா கைப்பையைக் கீழே வைத்தாள். "கதவைத் திறந்து போட்டுட்டும் போக முடியாது. வெளியே பூட்டிட்டுப் போனா, ஏதாவது ஒண்ணுன்னா உன்னால வெளியே வர முடியாது. நீயே பூட்டணும், நீயே திறக்கணும். அன்னிக்குப் பேசலாம்."

"அப்போ இன்னிக்கே பேசலாம்."

அவன் நாற்காலியைக் கதவுக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். தாழ்ப்பாள் அவன் நெஞ்சு உயரத்தில் இருந்தது. பக்கவாட்டில் தள்ள வேண்டிய பழைய இரும்புத் தாழ்ப்பாள். கை மெதுவாக எழுந்தது. விரல்கள் தாழ்ப்பாளைத் தொட்டன. தள்ளின. தாழ்ப்பாள் அசையவில்லை.

"ஸ்பிரிங் லூசா இருக்கு," என்றாள் அம்மா. அவள் ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்பவள். எந்தப் பிரச்சினைக்கும் ஒரு திருகு திருகினால் போதும் என்பது அவள் நம்பிக்கை. ஸ்பேனரை எடுத்து வந்து இரண்டு சுற்று முறுக்கினாள்.

ரித்திக்கின் கை விர்ரென்று மேலே போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"டீச்சர், டீச்சர், எனக்குப் பதில் தெரியும்!" என்றாள் வைஷாலி.

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் கை கீழே வரவில்லை.

"அம்மா, இது கையைத் தூக்கும். பலம் தராது. ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்களே."

அம்மா ஸ்பிரிங்கைப் பழைய இடத்துக்குத் தளர்த்தினாள். கை இறங்கியது. வைஷாலி போனை எடுத்து, 'நான் வரவில்லை' என்று எழுதத் தொடங்கினாள்.

ரித்திக் குனிந்து தன் நாற்காலியைப் பார்த்தான். பிறகு தாழ்ப்பாளைப் பார்த்தான்.

"அக்கா, அனுப்பாதே. உன் ஸ்கூல் அட்டை மாட்டுற பட்டையைக் கொண்டா."

"எதுக்கு?"

"இந்த நாற்காலி என்னையே இழுத்துட்டுப் போகுது. ஒரு தாழ்ப்பாளை இழுக்காதா?"

வைஷாலி பட்டையின் ஒரு முனையைத் தாழ்ப்பாளின் பிடியில் கட்டினாள். மறுமுனையில் ஒரு வளையம் போட்டாள். ரித்திக் கையை உயர்த்தி வளையத்தில் விரல்களை நுழைத்தான். அதைக் கீழே கொண்டுவந்து நாற்காலிக் கைப்பிடியின் முனையில் மாட்டினான். மூன்று முறை நழுவியது. யாரும் உதவக்கூடாது என்று அவன் சொல்லியிருந்தான். அம்மா தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நான்காவது முறை மாட்டிக்கொண்டது.

இடக்கை விரல்களால் நாற்காலியை மெல்ல முன்னால் நகர்த்தினான். பட்டை விறைத்தது.

டக்.

பின்னால் நகர்த்தினான். பட்டை தளர்ந்து, எதிர்ப்பக்கமாக விறைத்தது. தாழ்ப்பாள் திறந்தது.

"இன்னொரு தடவை," என்றாள் அம்மா.

டக்.

"இன்னொரு தடவை."

"அம்மா, உனக்கு வேலைக்கு நேரமாச்சு."

அம்மா பக்கத்து வீட்டு நூருன்னிசா ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டு வந்தாள். ரித்திக்கின் போன் அவன் குரலுக்கு வேலை செய்கிறதா என்று சோதித்தாள். மீனிடம்கூட ஏதோ சொன்னாள். இரண்டு மணிக்குக் கிளம்பிப் போனாள்.

இரண்டரைக்கு வைஷாலி காலணி அணிந்தாள். பந்தைக் கையில் எடுத்தாள். வாசலில் நின்றாள். போகவில்லை.

"பயமா இருந்தா சொல்லு."

"இருக்கு. நீ போ."

"செலக்ட் ஆகலன்னா?"

"அடுத்த சனிக்கிழமை மறுபடி எண்ணுறேன்."

"என்னத்தை எண்ணுறே?"

"போன வாரம் நானூற்றுப் பன்னிரண்டு தடவை தட்டினே."

அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். "கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகிட்டா எண்ணினே? கூப்பிட வேண்டியதுதானே?"

"நீ நல்லா தட்டிட்டு இருந்தே."

வைஷாலி அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

வளையம் முதல் முறையே மாட்டிக்கொண்டது. நாற்காலி முன்னால் நகர்ந்தது.

டக்.

"பூட்டியாச்சாடா?" வெளியிலிருந்து குரல் வந்தது.

"தள்ளிப் பாரு."

அவள் தள்ளினாள். கதவு அசையவில்லை. பந்து தட்டும் ஓசை லிஃப்ட் வரைக்கும் போனது. ரித்திக் எண்ணினான். பத்தொன்பது. பிறகு ஓசை நின்றது.

இப்போது வீட்டில் இருந்தவர்கள்: ரித்திக். தொட்டியில் ஒரு மீன்.

கதவு பூட்டியிருந்தது. பூட்டியவன் உள்ளே உட்கார்ந்து மூக்கைச் சொறிந்துகொண்டான்.