நாலு மணி நேரத் தூரம்

"அம்மாகிட்ட முன்னாடியே உண்மையைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

சமையலறை வாசலில் நின்று கணவன் கத்தினான். விடிந்தும் விடியாத நேரம். மாமியாருக்கு ஒதுக்கிய அறையின் திரைச்சீலைக்கு அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சலவைக் கடையில் நாளெல்லாம் செய்கிற வேலைதான். இன்று மட்டும் ஒரே மடிப்பை மூன்று முறை தேய்த்தாள்.

"சொல்லியிருந்தா விமானத்துல ஏறியே இருக்க மாட்டாங்க..."

"இப்ப பாதி வழிதான் வந்திருப்பாங்க. இறங்கினதும் நம்மளை உண்டு இல்லைன்னு ஆக்கப் போறாங்க!"

அவன் முதன்முதலில் வெளிநாடு கிளம்பியபோது, தனியாக இருக்கப்போகும் தாய் அவன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். காலை பத்துக்குப் புறப்பாடு, மதியம் இரண்டுக்கு வந்து சேர்தல். "நாலு மணி நேரம்தானா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தந்த ஊர்க் கடிகாரப்படி போட்ட நேரங்கள் அவை. உண்மையில் பதினைந்து மணி நேரப் பயணம். விளக்க வாயெடுத்த கணவனை அவள்தான் கிள்ளி நிறுத்தினாள். கூப்பிட்டால் மகன் வந்துவிடுவான் என்ற தைரியத்தில்தான் அந்த அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

அதற்கான அடி அவள்மேல் விழுந்தது. போன வருடம் மாமியாருக்குப் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை. கணவனின் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்ததால் அவள் போனாள். கடையில் கிடைத்தது மூன்றே நாள் விடுப்பு. மருத்துவமனைக் கட்டிலுக்கு அருகில் ஒரே இரவு. மறுநாள் திரும்பிவிட்டாள்.

"நாலு மணி நேரத்துல இருக்கிறவளுக்கு இன்னொரு நாள் தங்க மனசு வரலை பாரு!" என்று மாமியார் உறவுக்கெல்லாம் சொன்னார். நாத்தனார் அவளிடம் பேச்சையே நிறுத்தினாள். அப்போதும் மருமகள் உண்மையைச் சொல்லவில்லை.

விமான நிலையத்தில் மாமியார் சக்கர நாற்காலியில் வெளியே வந்தார். பாதம் வீங்கியிருந்தது; காலில் நுழையாத செருப்பு மடியில் இருந்தது.

"அம்மா, அது வந்து..."

"நீ சும்மா இரு தடியா!" மாமியார் மருமகளை முறைத்தார். "நாலு மணி நேரம் ஆனதும் இறங்கறதுக்குப் பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன்டி. பக்கத்து சீட்டுப் பொண்ணு, இப்பதான் கால்வாசி வந்திருக்கோம்மான்னு சிரிக்கிறா!"

"அத்தை... மறைச்சது தப்புதான்..."

"பேசாதே! மிச்ச வழியெல்லாம் உன்னைத்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன். இவ்வளவு தூரம் காலை மடக்கி உக்காந்து வந்து, ராத்திரி பூரா எனக்காக முழிச்சுட்டு, மறுபடி அதே மாதிரி உக்காந்து போனியா? உன்னை ஊரெல்லாம் கரிச்சுக் கொட்டினேனே... பாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"தெரிஞ்சா நீங்க தூங்க மாட்டீங்க அத்தை..."

மாமியார் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். இருவரும் அழுதார்கள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார்.

"போடுடா உன் தங்கச்சிக்குப் போனை. அண்ணிகிட்ட மன்னிப்பு கேக்கட்டும்."

"அங்க இப்ப நடுராத்திரிம்மா."

"எழுந்திரிக்கட்டும்! இவளை மட்டும் நிம்மதியா இருக்க விட்டோமா?"

மகன் போனைத் தேடிக்கொண்டிருந்தபோது, மாமியார் மருமகளின் கையைப் பற்றிக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்போ... நான் கூப்பிட்டா நீங்க வர்றதுக்கு நேரமாகும், இல்ல?"

அவள் இந்த முறை மறைக்கவில்லை. "ஆகும் அத்தை."

மாமியார் தலையாட்டினார். "ஆகட்டும். நீதான் வந்துடுவியே."