வெட்டாத படங்கள்

காலையில் அவன் போட்டோ ஸ்டுடியோவைத் திறந்ததுமே அந்தச் சத்தம். பழைய கம்ப்யூட்டரின் பெட்டிக்குள் டிக், டிக் என்று, யாரோ நகத்தால் கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து மறுபடி தட்டுவதுபோல. மானிட்டர் இருண்டு கிடந்தது. கருகிய பிளாஸ்டிக் வாடை.

மதியம் மெக்கானிக் வந்து டிஸ்கைக் கழற்றிப் புதுக் கம்ப்யூட்டரில் இணைத்தார்.

"இதோட கதை முடிஞ்சுது, தம்பி. இன்னும் ஒரு தடவை ஓடும், அவ்ளோதான். நடுவுல ஒயரைப் பிடுங்கினா எல்லாம் போச்சு. வேற காப்பி இல்லையா?"

"இல்லண்ணே."

"நல்ல போட்டோக்காரன்யா! ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுத்துட்டு..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, சாப்பிட்டு வருவதாகக் கிளம்பிவிட்டார்.

மனைவி இறந்து எட்டு மாதம். கல்யாணப் படங்கள் உட்பட அவளுடையதெல்லாம் அந்த டிஸ்கில்தான். ஒன்றைக்கூட அவன் பிரிண்ட் போடவில்லை. நம்ம கடைதானே, எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கலாம் என்று விட்டிருந்தான்.

படங்கள் வரத் தொடங்கின. முதலில் வந்ததெல்லாம் பாஸ்போர்ட் போட்டோக்களின் முழு அசல்கள். பழைய கம்ப்யூட்டர் தானாகவே முகத்தை மட்டும் வெட்டிக் கொடுத்துவிடும். ஓரங்களை அவன் பார்த்ததே இல்லை.

முதல் படத்தில், வாடிக்கையாளரின் தலைக்கு மேலே, பின்னணிக்குத் தொங்கும் வெள்ளைத் துணியின் விளிம்பில் நான்கு விரல்கள்.

அவள் விரல்கள். ஸ்டாண்டு உடைந்த நாளிலிருந்து முக்காலியில் ஏறித் துணியைப் பின்னாலிருந்து அவள்தான் பிடித்துக்கொள்வாள். அவன் மானிட்டரைத் தொட்டுப் பார்த்தான்.

பிறகு தேதியைப் பார்த்தான். போன மாதம்.

இப்போது அந்தத் துணியைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்திருந்தான். பின்னால் வெறும் செங்கல்.

அடுத்த படம். துணி சற்று இறங்கியிருந்தது. அடுத்தது. தலைமுடி. அடுத்தது. வகிடு. முன்னால் உட்கார்ந்தவர்கள், அவன் சொன்னபடி, தாடையை உயர்த்தி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்போன் அடித்தது. மெக்கானிக்.

"வருதா, தம்பி?"

"வருதுண்ணே."

"தங்கச்சி படம்?"

"அதுவும்... வருதுண்ணே."

கை ஒயருக்குப் போனது. பிடுங்கினால் நின்றுவிடும். கல்யாணப் படங்கள் இன்னும் வரவில்லை.

கையை எடுத்துக்கொண்டான்.

நெற்றி. இன்னும் ஒரு விரற்கடை இறங்கினால் முகம். சுவர்ப் பக்கம் அவன் திரும்பவில்லை.

பாஸ்போர்ட் படங்களில் கடைசியானது மேலிருந்து கோடு கோடாக விரிந்தது. நேற்று மாலை, லைட்டைச் சோதிக்க அவனே நாற்காலியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டது. துணி கழுத்துவரை இறங்கியிருந்தது. அவள் முடி. அவள் வகிடு. அவள் நெற்றி.

அந்த நெற்றிக்குக் கீழே, அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில், அவன் முகம்.

முன்னால் உட்கார்ந்திருந்தவன் அந்த நொடியில் கண்ணை மூடியிருந்தான். பின்னால் இருந்த முகத்தில் கண்கள் திறந்திருந்தன.