ஒன்று என்றால் சுவர்

லேப்டாப் திரையில், சமையலறைப் பின்சுவரை ஒட்டி ஒரு கட்டம் கறுப்பாகத் தெரிந்தது. ஆனிமேரி கறுப்பில் எதையுமே வரைந்திருக்கவில்லை.

அவள் கணக்கு டீச்சர். கோடை விடுமுறையில் வீடியோ பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டர் கேம் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். எல்லாம் சதுரக் கட்டங்கள்தான். கட்டத்துக்குப் பூஜ்யம் கொடுத்தால் நடக்கலாம்; ஒன்று என்றால் சுவர். பழகுவதற்காகப் பசுமலையில் தாங்கள் குடியிருக்கும் வீட்டையே வரைந்திருந்தாள்: கூடம், சமையலறை, மகன் ஜெய்சன் காய்ச்சலில் தூங்கும் உள்ளறை.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. கரண்ட் போய், மின்விசிறி கிறீச்சிட்டு ஓய்ந்தபின், நனைந்த மண்ணின் வாசனையோடு இன்னொரு நாற்றமும், பல நாள் மூடிக் கிடந்த தொட்டியைத் திறந்தாற்போல, சமையலறையிலிருந்து மெல்ல மெல்ல அவள் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு வந்தது.

எண்களைச் சரிபார்த்தாள். பின்சுவரில் ஓரிடத்தில் ஒன்றுக்குப் பதில் பூஜ்யம். தன் தவறுதான். திருத்திவிட்டு கேமை மறுபடி ஓட்டினாள். சுவர் அடைபட்டது. கறுப்புக் கட்டம் வெளியே போகவில்லை. சமையலறையின் நடுவில் நின்றது.

நிஜச் சமையலறையில் ஒரு தட்டு விழுந்து, சுழன்று, அடங்கியது.

கணவன் இன்பசேகரனுக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"திருமங்கலத்துல பஸ் ஏறிட்டேன். வந்துக்கிட்டே இருக்கேன். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வீட்டுக்குள்ள என்னமோ வந்திருச்சுங்க."

"பூனையா இருக்கும். தம்பிக்கு மருந்து குடுத்தியா?"

அவள் கண் திரைக்குப் போனது. கறுப்புக் கட்டம் கூடத்துக்கு வந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தரையில் மட்டும் ஈரம், ஒவ்வொரு அடியாக, தானே பதிந்துகொண்டு போனது.

அவளிடம் வரவில்லை. உள்ளறைப் பக்கம் திரும்பியது.

அதைத் தாண்டித்தான் பிள்ளையிடம் போக வேண்டும். நேரமில்லை. உள்ளறைக் கதவுக் கட்டத்துக்கு ஒன்று என்று அடித்து ஓட்டினாள்.

திரையில் கூடம் காலி. நாற்றமும் இல்லை.

"ஆண்டவரே" என்று மூச்சு விட்டாள்.

தலையைத் தூக்கினாள்.

உள்ளறைக் கதவு இல்லை. நிலை இல்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே சுவர். ஓடிப்போய்க் கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். கறுப்புக் கட்டம் உள்ளறையில், கட்டிலை ஒட்டி.

பூஜ்யம் அடித்தாள். அது தானே ஒன்றாக மாறியது. பூஜ்யம். ஒன்று. பூஜ்யம். ஒன்று.

"அம்மா…" சுவருக்கு அந்தப் பக்கம் ஜெய்சன் விழித்துவிட்டான். "அம்மா, கதவு எங்கம்மா?"

சின்னக் கைகள் சுவரைத் தட்டின.

பிறகு, அதே சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, வேறு கைகளும்.