பதினொரு கோப்புகள் அழிக்கப்படும்

போன் அடித்தது.

எமில்ராஜைப் புதைத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அவனுடைய மடிக்கணினியைத் திருத்த ஆள் தேடினார்கள்.

"தயாளினி, ஒருக்காக் கெதியா வாரும். எமிலின்ரை லாப்டொப் சேர்வரோடை ஒத்துப்போகுதில்லை. சிவப்பாப் பிழை காட்டுது."

பேசியது அருந்ததி. சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் மேலாளர். அங்குள்ள கணினிகளைப் பார்த்துக்கொள்வது தயாளினியின் வேலை.

"இண்டைக்கே செய்யோணுமோ அக்கா?"

"ஓம். மேர்சியிட்டைக் கேட்டு வாங்கி வைச்சிருக்கிறன். துப்புரவாக்கி வேறை ஆளுக்குக் குடுக்கோணும்."

மேர்சி, எமில்ராஜின் மனைவி. நேற்றுச் சேமக்காலையில், பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போதும் அவள் அழவே இல்லை. மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் தயாளினியை இரவு முழுக்கத் தூங்க விடவில்லை.

எமில்ராஜ் நிலையத்தின் தலைமைப் பரிசோதகன். சனிக்கிழமை பின்னேரம் களஞ்சிய அறையில் செத்துக் கிடந்தான். பக்கத்தில் வெற்று ஊசி. சேர்வரில், அவனுடைய கோப்புறையில், மூன்று வரிக் கடிதம்.

'அந்தப் பிள்ளைக்குப் பிழையான ரிப்போட் கொடுத்தது நான்தான். என்னால் தாங்க முடியவில்லை. மேர்சி, மன்னித்துக்கொள்.'

அந்தப் பிள்ளை... டெங்குவில் இறந்த ஏழு வயதுச் சிறுமி. மூன்று வாரமாகிறது. பயப்பட ஒன்றுமில்லை என்றது ரிப்போட். தாய் நம்பி வீட்டுக்குக் கூட்டிப்போனாள். மறுநாள் பிள்ளை இல்லை.

கடிதத்தைத் திறப்பது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர் ஹுஸைனுக்குப் போனில் சொல்லிக்கொடுத்ததும் தயாளினிதான்.

*

மடிக்கணினியைத் திறந்ததுமே காரணம் விளங்கிவிட்டது.

குற்றவாளி அவளேதான்.

அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கோப்புறை உண்டு. அதன் பிரதி சேர்வரில் இருக்கும். ஒரு பக்கம் மாறினால் மறுபக்கமும் தானாக மாறும். வெள்ளிக்கிழமை மாலை தயாளினி சேர்வருக்குப் புதிய பதிப்பைப் போட்டாள். மற்றக் கணினிகளைத் திங்கட்கிழமை செய்வதாக இருந்தது. செத்தவீடு வந்து வேலை நின்றுபோனது.

பழைய பதிப்போடு புதிய சேர்வர் பேசாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எமில்ராஜின் கணினி கதவைத் தட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது.

அவள் புதிய பதிப்பை ஏற்றினாள். திரையில் கேள்வி ஒன்று வந்தது.

'சேர்வரில் இல்லாத 11 கோப்புகள் இக்கணினியிலிருந்து அழிக்கப்படும். தொடரவா?'

கதவருகே அருந்ததி.

"முடிஞ்சுதோ?"

"ஏதோ கேள்வி கேக்குது அக்கா."

"என்ன கேட்டாலும் ஓம் எண்டு அமத்தும். ரெண்டு பக்கமும் ஒண்டாய் வந்தாச் சரி."

அருந்ததி போய்விட்டாள்.

தயாளினி அமத்தவில்லை. பதினொன்றில் ஒன்றைத் திறந்தாள்.

அது இரத்தப் பரிசோதனை இயந்திரத்தின் பதிவு. காலை பத்திலிருந்து இரண்டு மணி வரை இயந்திரம் பழுது. கீழே, அதே நாள், பதினொன்றரைக்குக் கொடுக்கப்பட்ட ரிப்போட். மேலே அந்தச் சிறுமியின் பெயர்.

ஓரத்தில் எமில்ராஜின் குறிப்பு: 'மெஷின் ஓடாத நேரம். இந்த எண் எங்கிருந்து வந்தது?'

மற்றப் பத்தும் அப்படியே. பத்து நோயாளிகள். பத்துப் பொய் எண்கள்.

இவை அழியக்கூடாது.

கணினியின் இணைப்பைத் துண்டித்தாள். சேர்வரின் பதிவேட்டைப் பார்த்தாள். சனிக்கிழமை காலை 10.20: பதினொரு கோப்புகள் அழிப்பு. 10.35: கடிதம் சேமிப்பு.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எமில்ராஜின் கணினியிலிருந்து ஒரு எழுத்துக்கூடச் சேர்வருக்குப் போகவில்லை. அப்படியானால் கடிதத்தை எழுதியது யார்?

சேர்வரோடு பேசக்கூடிய கணினி அந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை பரீட்சார்த்தமாக அவள் புதிய பதிப்பு ஏற்றியது. நிலையத்தின் சொந்தக்காரர் டொக்டர் பஞ்சலிங்கத்தின் அறையில் இருப்பது. அதிலிருந்து எல்லாருடைய கோப்புறையையும் திறக்கலாம்.

தயாளினி போனை எடுத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இன்ஸ்பெக்டர்... எமில்ராஜ் கடிதம் எழுதேல்லை. உடனை வாங்கோ."

வைக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

பஞ்சலிங்கம்.

உள்ளே வந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"உந்த லாப்டொப்பைத் தொடச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?"

அவள் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "இன்ஸ்பெக்டருக்குச் சொல்லிப்போட்டன் டொக்டர். அவர் வந்துகொண்டிருக்கிறார்."

"என்னெண்டு சொன்னனீர்?"

"கடிதம் உங்கடை அறையிலை இருந்து எழுதினதெண்டு... சனிக்கிழமை காலமை."

அவர் அவளையே பார்த்தார். கதிரையை இழுத்து மெல்ல உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை நான் கொழும்பிலை, பிள்ளை. டொக்டர்மாரின்ரை கூட்டம். இருநூறு பேர் என்னைக் கண்டவை. வெள்ளி இரவு எமில் போன் எடுத்தவன். வந்தவுடனை ஒண்டு காட்டோணும், இஞ்சை ஆரையும் நம்பாதேங்கோ எண்டவன். அதுதான் கதவைப் பூட்டினனான்."

"அப்ப உங்கடை அறைத் திறப்பு ஆரிட்டை இருந்தது?"

அவர் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார்.

வெளியே மென்மையாக யாரோ கதவைத் தட்டினார்கள்.

"தயாளினி... ஓம் எண்டு அமத்திப்போட்டீரோ?"

பஞ்சலிங்கம் கதவைக் காட்டினார்.

"அவவிட்டைதான் குடுத்திட்டுப் போனனான்."

*

ஹுஸைன் வர இருபது நிமிடமானது. அவர் உட்காரவில்லை. அருந்ததிக்கு முன்னால் நின்றார்.

"காலமைதான் பிரேத பரிசோதனை முடிவு வந்தது. வயித்திலை நித்திரைக் குளிசை. கண் திறக்க ஏலாத ஆள் தனக்குத்தானே ஊசி போட்டானாம். உங்கடை கதையைச் சொல்லுங்கோ அம்மா."

அருந்ததி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சனம் வரிசையிலை நிண்டது. மெஷின் வேலை செய்யேல்லை. முதல்நாள் எண்களைக் கொஞ்சம் மாத்திப் போட்டன். பதினொரு பேர். பத்துப் பேருக்கு ஒண்டும் ஆகேல்லை..."

"பதினோராவது ஆள் ஏழு வயசுப் பிள்ளை அக்கா," என்றாள் தயாளினி. அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"எமிலிட்டைக் கெஞ்சினனான். அவர் கேக்கேல்லை."

"அதுக்காக?"

ஒரு பெண் பொலிஸ் அருகில் வந்ததும் அருந்ததி சட்டென்று நிமிர்ந்தாள். முகத்தில் பழைய மேலாளர் திரும்பி வந்திருந்தார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. கம்ப்யூட்டரை நம்பியோ என்னைக் கொண்டுபோறியள்? அதிலை ஆரும் எதையும் எழுதலாம். எதையும் அழிக்கலாம்."

"உண்மைதான்," என்றார் ஹுஸைன். சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். "அதாலைதான் எங்கடை ஸ்டேசனிலை வாக்குமூலத்தை இன்னும் கையாலை எழுதுறம். பழைய பதிப்புத்தான் அம்மா... ஆனா அழியாது."