ஒரு மணி நேரம் காது கொடுத்தவன்

மீன்பிடித் தடைக்காலத்தில் கடற்கரையில் இஞ்சின் சத்தம் கேட்கக் கூடாது. ஏப்ரல் பாதியில் காசிமேட்டுத் துறைமுகத்துக்குள் வந்து கட்டிய விசைப்படகுகள் ஜூன் பாதி வரைக்கும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சும்மா கிடக்கும். புதுப் பெயின்ட் வாசனையும் காய்ந்த மீன் வாசனையும் வலை பின்னுகிறவர்களின் வாய்ச்சண்டையும்தான் அந்த இரண்டு மாதத்துக்கும் மிச்சம். அப்படியிருக்க, திருவொற்றியூர்க் குப்பத்தில், தன் வீட்டு முன்னறையில், வெயில் மண்டையைப் பிளக்கும் மதியம் மூன்று மணிக்கு, ஒரு லாஞ்சி ஓடுகிற சத்தத்தைத் திருமலை கேட்டான்.

சத்தம் மேசைமேல் கிடந்த இயர்போனிலிருந்து வந்தது. டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு போல ரொம்பச் சின்னதாக வந்தது. எந்த லாஞ்சி என்று தெரிந்துகொள்ள அவனுக்குக் காதைக் கிட்டே கொண்டுபோகவும் வேண்டியிருக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் அதை ஓட்டிய டிரைவர் அவன். பத்துப் பன்னிரண்டு துடிப்புக்கு ஒருமுறை அந்த இஞ்சின் ஒரு தும்மல் போடும், எத்தனை மெக்கானிக் பார்த்தும் போகாத தும்மல். பெற்ற பிள்ளையின் இருமல் தகப்பனுக்குத் தெரியாதா என்ன?

இயர்போன் மாட்டியிருந்தது அதே லாஞ்சியில் வேலை செய்த உதயாவின் எம்பித்ரீ பிளேயரில். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், பர்மா பஜாரில் வாங்கிய சீனச் சாமான். கரையை விட்டுப் போனால் போனுக்கு டவர் கிடையாது, சார்ஜும் நிற்காது. இது மட்டும் ஒரு தடவை ஏற்றினால் இரண்டு நாள் பாடும். பாலிதீன் கவருக்குள் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கி, கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டுதான் உதயா வலை இழுப்பான். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது அவனுக்குப் பழக்கம். அதற்கென்று பிளேயரின் பக்கவாட்டில் ஒரு பொத்தான். அழுத்தினால் திரையில் வட்டமாக ஓர் அம்புக்குறி விழும், அப்புறம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். லாஞ்சியில் எல்லோரும் திட்டுவார்கள், அவன் சிரிப்பான்.

பங்குனிக் கடைசியில் ஒரு விடியற்காலை உதயா கடலில் விழுந்தான். நாலாம் நாள் எண்ணூர் முகத்துவாரத்தில் பிணமாக ஒதுங்கியபோது கழுத்தில் இந்தப் பிளேயர் அப்படியே இருந்தது. அதைத்தான் இன்றைக்குக் காலையில், உடைமைகளைக் கொடுத்த போலீஸ் கவரோடு, அவன் பெண்சாதி குப்பம்மா கொண்டுவந்து நீட்டினாள். கரையில் இருக்கிற நாளில் குப்பத்து டார்ச்லைட், வயர்லெஸ் செட், மீன் பார்க்கிற மிஷின் எல்லாம் பழுது பார்க்கத் திருமலை கைக்குத்தான் வரும்.

"அது கொரலு இதுக்குள்ள கீதுண்ணா. கடலுக்குப் போனா எனக்கோசரம் பேசிப் பேசி வெச்சிகினு வரும். எப்டினா ஒரு தபா கேக்க வெச்சிடு."

உப்புத்தண்ணி இறங்கின சாமான், தேறுவது கஷ்டம் என்று இழுத்துப் பார்த்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆகாவிட்டால் சொல்லிவிடு, பர்மா பஜாரில் கொடுத்துப் பார்க்கிறேன் என்றாள். மீன் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனாள். வேறொருவன் கையில் இது போகக் கூடாது என்பதற்காகவே திருமலை வாங்கி வைத்துக்கொண்டான். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

கனம் இதுதான். ஆள் விழுந்தால் முதலில் இஞ்சினை நிறுத்து, அப்புறம் தேடு: தொழிலுக்கு வரும் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. நீந்துகிறவன் தலை அலைக்குள் தெரியாது, குரல்தான் வழி காட்டும். அதனால் நிறுத்திவிட்டு அத்தனை பேரும் மூச்சடக்கி உட்கார்ந்து கடலுக்குக் காது கொடுக்க வேண்டும். திருமலையும் நிறுத்தினான், தூங்கிக்கொண்டிருந்த ஐந்து பேரையும் எழுப்பினான், ஒரு மணி நேரம் எல்லோரும் காது கொடுத்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து அவன் செய்த சத்தியத்தில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

முக்கால் மணி நேரம் கழித்து நிறுத்தினான் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். கை, இஞ்சினை நிறுத்துகிற கம்பிக்குப் போகவில்லை. போகவில்லை என்பதுகூடப் பொய், அவன் போகவிடவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஓனர் வேலப்பன் எல்லோர் எதிரிலும் சொல்லியிருந்தார், கட்டுகிற புது லாஞ்சிக்கு உதயாதான் டிரைவர், உனக்குக் கண்ணும் மங்கிப்போச்சு, நீ பழசோடவே இரு என்று. ஆட்கள் சிரித்தார்கள். உதயா ஒருத்தன்தான் சிரிக்கவில்லை, அதுதான் திருமலைக்கு இன்னும் எரிந்தது. இப்போது புது லாஞ்சிக்குத் திருமலைதான் டிரைவர். இன்னும் ஒன்பது நாளில் தடை முடிந்ததும் அதற்குப் பூசை போட்டு அவன்தான் ஓட்டப்போகிறான். ஒரு சீனப் பொம்மை அதைக் கெடுத்துவிடுமா?

காலையிலேயே பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி, பூத்திருந்த உப்பைப் பழைய பல்துலக்கியில் தின்னர் தொட்டுத் தேய்த்து எடுத்தான். உப்பியிருந்த பேட்டரியைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு பழைய போனுடையதைக் கம்பி ஒட்டி வைத்தான். சார்ஜில் போட்டதும் திரை நீலமாக எரிந்து, பெயர் காட்டுகிற இடத்திலேயே நின்றுவிட்டது. சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்தினான், உயிர் வந்தது. பாட்டு ஒன்றுகூட இல்லை. குரல் பதிகிற இடத்தில் மட்டும் ஒன்று இருந்தது, மூன்று நிமிஷம்.

அதில்தான் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காதில் மாட்டினான். இஞ்சினுக்கு மேல், தண்ணீர் கன்னத்தில் அடிக்க அடிக்க, உதயாவின் குரல்.

"ண்ணா, வுழுந்துட்டேண்ணா. இஞ்சினை நிறுத்துண்ணா."

திருமலை இயர்போனைப் பிடுங்கிப் போட்டான். வீட்டில் யாரும் இல்லை, மனைவி மீஞ்சூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அழி என்கிற இடத்தைத் தேடி அழுத்தினான். அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்றான். திரை காலியானது. செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தான், அது லேசாகக் கரித்தது. மெட்ரோ தண்ணீர்க் குழாயைத் திட்டிக்கொண்டான்.

சாயங்காலம் கொடுக்கும்போது திரை எரிந்தால் போதும், குரல் அழிந்துபோச்சும்மா என்றால் அழுதுவிட்டுப் போய்விடுவாள் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி, மறுபடி ஒருமுறை திறந்து பார்த்தான். ஒன்று இருந்தது. பதினோரு நிமிஷம்.

மெமரி கார்டையே துடைத்தான். முப்பத்தொன்று. கார்டை உருவி மேசைமேல் வைத்தான். முப்பத்தொன்று அப்படியே நின்றது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் காதில் வைத்தான். எதுவரைக்கும் பதிந்திருக்கிறது என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. இஞ்சின் தூரப் போய்க்கொண்டே இருந்தது, தும்மலோடு, அவசரமில்லாமல், நேர்க்கோட்டில். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. குப்பத்தில் எந்தக் குழந்தையைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தாலும் சொல்லிவிடும், இது நிற்காத இஞ்சின் என்று. உதயாவின் குரல் கம்மிக்கொண்டே வந்து, கத்துவதை விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆனது.

"திரும்பிப் பாத்தியேண்ணா."

பேட்டரிக் கம்பியை வெடுக்கென்று இழுத்துப் பிய்த்தான். சார்ஜர் வயரையும் பிடுங்கினான். திரை அணையவில்லை. நீலமாக எரிந்தபடி, முப்பத்தொன்று முப்பத்திரண்டானது. முப்பத்துமூன்று. ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி விட்டு விட்டு எரிந்தது. அது என்ன புள்ளி என்று அவனுக்குத் தெரியும். பதிந்துகொண்டிருக்கிறது.

டீசல் வாசனை வந்தது, அதற்குள் ஐஸில் கிடந்த மீனின் குளிர் வாசனையும் வந்தது. இயர்போனின் ஓட்டை வழியே தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்து மேசை ஓரத்தில் சொட்டியது. வெளியே வெயில் அப்படியே இருந்தது. கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கற்பூரம் சுட்ட உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது.

உடைத்துவிடலாம். ஷார்ட் ஆகி வெடித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். சுத்தியலை எடுத்தான். ஓங்கினான்.

"ஒடைக்காதண்ணா. அவளுக்கு வோணும்."

குரல் பிளேயரிலிருந்து வரவில்லை. முழங்காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

குனிந்து பார்த்தான். தரையில் சிமென்ட் தெரியவில்லை. கறுப்பாகத் தண்ணீர். காலை எடுத்தான். வைத்தான். தரை இல்லை.

சுத்தியல் கையை விட்டுப் போனது, விழுந்த சத்தம் வரவில்லை. கழுத்து வரைக்கும் உப்பு. வாய்க்குள் உப்பு. மேசை எங்கே? சுவர் எங்கே? தூரத்தில் ஒரே ஒரு வெளிச்சக் கோடு, அலை தூக்கினால் தெரிந்தது, இறங்கினால் மறைந்தது. அவன் வீட்டுக் கதவிடுக்கு அது. அங்கேயிருந்து இஞ்சின் சத்தம். தும்மல். போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது.

திருமலை கத்தினான். நாற்பது வருஷம் கடலில் இருந்தவனுக்கு நீச்சல் தெரியாமல் இல்லை. எந்தப் பக்கம் நீந்துவது என்றுதான் தெரியவில்லை. யாராவது நிறுத்துங்கள் என்று கத்தினான். கேட்கவில்லையா என்று கத்தினான். பிறகு பயம் அவன் வாயிலிருந்து மிச்சத்தையும் பிடுங்கியது.

"தெரிஞ்சேதான் போனேன் உதயா. பாத்துட்டேதான் போனேன். வுட்டுர்ரா. என்னை வுட்டுர்ரா."

அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் தலைக்கு மேலே, நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில், விட்டு விட்டு எரிந்தது. எத்தனை நேரம் கத்தினான் என்று அவனுக்குத் தெரியாது. தொண்டை கிழிந்து, கை சோர்ந்து, கடைசியாக ஒருமுறை அலை மூடியபோது, வெளிச்சக் கோடு அகலமானது.

கதவைத் திறந்துகொண்டு குப்பம்மா நின்றாள். இடுப்பில் காலிக் கூடை. "திருமலண்ணா" என்று கூப்பிட்டாள். அவள் பார்வை நாற்காலிமேல் போனது, கழற்றிப் போட்ட திருகுகள்மேல் போனது, நனைந்த சிமென்ட் தரைமேல் போனது. அவன்மேல் நிற்காமல் தாண்டிப் போனது. கரையில் நிற்கிறவர்கள் கடலைப் பார்ப்பார்களே, அப்படி. அவன் கையை வீசினான். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

அவள் பிளேயரை எடுத்து முந்தானையில் துடைத்தாள். இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

இப்போது அவளுக்குக் கேட்கும். கேட்டால் காப்பாற்றுவாள், குப்பத்தையே கூப்பிடுவாள், இரக்கமுள்ள பெண்தானே. புருஷன் குரலைத் தேடி வந்தவள் அசையாமல் கேட்டாள். முதலில் புருவம் சுருங்கியது. பிறகு கண் நிறைந்தது. பிறகு அந்தக் கண் காய்ந்தது. சாயங்கால வெயில் படியில் இறங்கும் வரைக்கும், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, அவள் காது கொடுத்தாள். தெரிஞ்சேதான் போனேன் என்று அவன் கத்திய இடம் வந்தபோது அவள் உதடு அதைக் கூடவே சொன்னதை அவன் பார்த்தான்.

"கேட்டுச்சுண்ணா" என்றாள், காலி அறையைப் பார்த்து.

கதறினான். நாந்தான் குப்பம்மா, இங்கேதான் இருக்கேன், நிறுத்து, அதை நிறுத்து.

அவள் சார்ஜர் வயரைத் தேடி எடுத்தாள். சுவரில் செருகினாள். பிளேயரைப் பக்கவாட்டில் திருப்பி, புருஷன் காட்டிக்கொடுத்திருந்த பொத்தானைக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்து, அழுத்தினாள்.

திரையில் வட்டமாக அம்புக்குறி விழுந்தது.

காலுக்கடியில் ஈரப் பலகை. டீசல் வாசனை. விடியாத கடல். பக்கத்திலேயே, ரொம்பப் பக்கத்திலேயே, அவனுக்குத் தெரிந்த அந்தத் தும்மல். கால் வழுக்கியது. விழும்போது டிரைவர் அறைக்குள் நிற்கிற ஆளைப் பார்த்தான். அந்த ஆள் திரும்பிப் பார்த்தான். அது அவன் முகம்தான்.

இஞ்சின் நிற்கவில்லை.