காலி டிஸ்க்

கடைக்காரர் நீட்டிய ஹார்டு டிஸ்கை வாங்கியவள், அதைக் காதருகே கொண்டுபோய் மெல்ல ஆட்டிப் பார்த்தாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவளுக்கே புரியவில்லை. கடைக்காரர் சிரித்துவிட்டார். அவளுடைய அப்பாவும் எதை வாங்கினாலும் இப்படித்தான் ஆட்டிப் பார்ப்பாராம், டார்ச் லைட்டாக இருந்தாலும் சரி, பசை டப்பாவாக இருந்தாலும் சரி. அவளும் சிரிக்க முயன்றாள். வாய் மட்டும் அசைந்தது.

அப்பா போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஊரார் கல்யாணம், பள்ளிக்கூடக் குழுப்படம், பாஸ்போர்ட் படம் என்று எடுத்துத் தள்ளியது போதாதென்று, வீட்டில் அம்மா திரும்பினால் ஒரு படம், குனிந்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். “முகத்தைக் கழுவவாவது விடுங்க” என்று அம்மா முறைப்பாள். அந்த முறைப்பும் படமாகிவிடும். அத்தனையும் அம்மாவின் படுக்கையறை அலமாரியில், செருப்புப் பெட்டி அளவில் ஒரு சர்வருக்குள் இருந்தன. உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் இருப்பதேதான் மற்றதிலும். அப்பா இறந்த வாரத்தில் அதில் ஒன்று பழுதாகிப் போனது. அன்றிலிருந்து பெட்டி விட்டுவிட்டுக் கூவிக்கொண்டே இருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் அந்தக் கூவலைக் கேட்டார்கள். அவள் அழாததையும் கவனித்தார்கள். சரியான கல்லுளிமங்கி என்று அத்தை யாரிடமோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அழக்கூடாது என்று அவளுக்கு வைராக்கியம் ஒன்றும் இல்லை. உள்ளே எதுவுமே இல்லை, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

கடைக்காரர் இன்னும் இரண்டை எடுத்து மேஜைமேல் பரப்பினார். ஒன்று நல்ல வேகம், ஆனால் கடகடவென்று சத்தம் போடும். இன்னொன்று சாதாரணக் கம்ப்யூட்டருக்கானது. வேலை இல்லாவிட்டால் தூங்கிப்போகும், தூங்கித் தூங்கி எழுந்தே ஆயுசைக் குறைத்துக்கொள்ளும். அவள் ஆட்டிப் பார்த்ததுதான் ராப்பகலாக ஓடுவதற்கென்று செய்தது. நிதானம். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடச் சத்தம் தெரியாது. அம்மாவின் கட்டிலை நினைத்துக்கொண்டு அதையே எடுத்துக்கொண்டாள்.

“இது காலி டிஸ்க்மா. சொருகினா போதும், மீதியை அதுவே பாத்துக்கும்” என்றார் கடைக்காரர். “உயிரோட இருக்கிறதைப் படிச்சு, போனது எப்படி இருந்துச்சோ அப்படியே இதுல எழுதிடும். பாவம், அந்தப் பழசுதான். மொத்தத்தையும் ஒரே மூச்சுல படிச்சுக் குடுக்கணும். நிறைய டிஸ்க் அந்த நேரத்துலதான் போய்ச் சேரும்.”

அப்படியென்றால் நடுவில் நிறுத்தி ஓய்வு கொடுக்கலாமா என்று கேட்டாள்.

“அது மட்டும் செஞ்சிடாதீங்க. அப்புறம் ரெண்டுமே இல்லேன்னு ஆயிடும்.”

வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பழுதான டிஸ்கை உருவிவிட்டுப் புதியதைச் சொருகியதும் கூவல் நின்றது. அப்பாடா, ஒருவழியாக வாயை மூடிற்று என்றாள் அம்மா. பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது. காதை வைத்துக் கேட்டால் மட்டும் தெரிகிற ஒரு மெல்லிய சுரண்டல், காகிதத்தில் யாரோ விரல் நகத்தால் எழுதிக்கொண்டே போவதுபோல, பெட்டிக்குள்ளிருந்து வந்தது. சூடேறிய தூசியின் வாசமும் புது பிளாஸ்டிக்கின் வாசமும் அலமாரியிலிருந்து கிளம்பி, மடித்த சட்டைகளில் இன்னும் மிச்சமிருந்த அப்பாவின் வாசத்தோடு கலந்து அறை முழுவதும் நின்றது.

சமையலறையில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். தொண்டையில் ஏதோ அடைத்தது. செருமினாள். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. அப்பா குளியலறையிலிருந்து வெளியே வரும்போது செருமுவது அப்படித்தான். கேட்டுக் கேட்டுப் பழகியது, தொற்றிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தண்ணீர் கொதிப்பதைப் பார்த்தபடி நின்றவளுக்கு ஒரு வீடு நினைவுக்கு வந்தது. ஒற்றை அறை. வெளியே மழை கொட்டுகிறது, மூலையில் ஓடு ஒழுகுகிறது, அலுமினியக் குண்டானில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஒல்லியாக, ஈரத் தலையோடு, சிரிப்பை அடக்க முடியாமல் கட்டிலின் மறுமுனையைப் பிடித்து இழுக்கிறாள் அம்மா. அம்மாவுக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. குண்டானின் விளிம்பில் இருந்த நசுங்கல்கூடத் தெரிந்தது.

அந்த வீட்டில் அவள் இருந்ததில்லை. அவள் அப்போது பிறக்கவே இல்லை.

கட்டிலருகே போய், நீயும் அப்பாவும் முதலில் குடியிருந்த வீடு ஒழுகுமா என்று கேட்டாள். நேற்றுவரை துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா அந்த வீட்டுக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒழுகியதை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“எந்த வீடு?”

நடிப்பு இல்லை. களைப்பும் இல்லை. அந்த முகத்தில் தேடுவதற்கான அறிகுறிகூட இல்லை. கையில் பாதி மடித்த சட்டையைத் தூக்கிக் காட்டி, இது யாருடையது, பக்கத்து வீட்டுத் துணி நம் கொடியில் விழுந்துவிட்டதா என்று விசாரித்தாள்.

பெட்டி சுரண்டிக்கொண்டே இருந்தது. போனைத் திறந்து பார்த்தாள். எவ்வளவு எழுதி முடிந்தது என்று காட்டும் நீலக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. அதோடு சேர்ந்து, அவள் கேட்காமலே, அவளுக்குள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அம்மாவின் பிரசவ அறைக்கு வெளியே இருந்த பெஞ்சு. ஸ்டூடியோவின் முதல் சாவி. காய்ச்சலில் அம்மா உளறிய ஒரு ராத்திரி. ஒவ்வொன்றும் வந்ததும் அம்மாவைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அம்மாவின் முகம் இன்னும் கொஞ்சம் வழவழப்பாகியிருந்தது.

படிக்கப்படுவது அம்மா.

எழுதப்படுவது, காலியாக இருந்த அவள்.

நிறுத்த வேண்டும். அலமாரிக்குப் போனாள். பிளக்கில் கை வைத்தாள். நிறுத்தினால் ரெண்டுமே இல்லை. நிறுத்தாவிட்டால் பழசு போய்ச் சேரும். அம்மா போய்விடுவாள். பயப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. பயம் வர வேண்டிய இடத்தில் வேறு யாரோ ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

தன்னுடையதாக ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். தான் வேலை பார்க்கும் இடம். மேஜை. எதிரில் யார் உட்காருவார்கள்? ஜன்னல் எந்தப் பக்கம்?

வரவில்லை.

கை பிளக்கிலேயே இருந்தது. கட்டை விரல் நகத்தைப் பார்த்தாள். இழு என்று சொன்னாள். கை கேட்கவில்லை.

“என்னங்க.”

அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு உரியவர் ஒருவர்தான். அவள் திரும்பினாள். அம்மா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கம், தூக்கமின்மை, அழுது வீங்கிய இமை, ஒன்றுமே அந்த முகத்தில் இல்லை. ஒன்றும் நடக்காத வீட்டில் புருஷனைக் கூப்பிடும் பெண்ணின் முகம் அது.

“ம்... சொல்லு” என்றது அவள் தொண்டை. கரகரத்த, தாழ்ந்த குரல்.

“டிஸ்க் வாங்கிட்டு வரேன்னு போனா நம்ம பொண்ணு. இருட்டப்போகுது. இன்னும் காணோமே.”

பிளக்கிலிருந்து கை தானாக இறங்கியது. ஜன்னலுக்குப் போனாள். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. அம்மா பின்னாலேயே வந்து தோளை உரசியபடி நின்றுகொண்டாள். அப்பா போன நாளிலிருந்து வராத ஒன்று, கடைசியில் அவளுக்கு வந்தேவிட்டது. கவலை. வயது வந்த பெண். ஒரு போன் செய்யக் கூடாதா?

“வந்துடுவா” என்று அம்மாவைத் தேற்றினாள்.

கீழே ஆபீஸ் விட்டு ஆட்கள் நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். விளக்கடியைக் கடக்கும் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் இருவரும் உற்றுப் பார்த்தார்கள். எதுவும் தங்கள் பெண்ணின் முகமாக இல்லை.