பாதிக் கிண்ணம்

அயர்லாந்தின் ஷானன் நதியின்மீது அந்திச் சூரியன் குங்குமத்தைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்த அந்த வேளையில், கரையோரக் கோட்டையின் மேல்மண்டபத்தில் சர் ஜெராட் வின்டர்போர்ன் பிரபு மரண ஆணையொன்றில் கையெழுத்திட்டு முத்திரையும் பதித்தார். நதியின் இருகரையிலும் நிலமும், டப்ளின் பாராளுமன்றத்தில் ஆசனமும் உடைய அந்த ஆங்கிலக் குலத்துப் பெருமகன், குற்றவாளியின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதும் வழக்கமில்லாதவர். முகத்தைப் பார்த்தால் பேனா தயங்குமாம்!

"ஒற்றன் தன் பெயரைச் சொல்ல மறுக்கிறான், பிரபுவே. ஆற்றை நீந்திக் கடந்து கலகக்காரர்களுக்குக் கடிதம் கொண்டுபோனவன். கதிரவன் மறையுமுன் கதையை முடித்துவிடுகிறேன்" என்று ஆணையைக் கச்சையில் செருகிக்கொண்டார் அரசரின் தளபதி ஹோல்ட்.

சாகப் போகிறவனுக்குக் கோட்டைத் தலைவர் தம் கையால் ஒரு கிண்ணம் மது தருவது அங்கே மரபு. சங்கிலி ஒலிக்க வந்த கைதி, கிண்ணத்தை வாங்கிச் சரிபாதி அருந்தினான். மீதியைப் பிரபுவிடமே நீட்டினான். அப்போதுதான் பிரபு அந்த முகத்தைப் பார்த்தார். காஹல்!

வாசகர்களே, அயர்லாந்து மண்ணில் ஒரே மார்பில் பாலருந்தி வளர்ந்தவர்கள் உடன்பிறந்தாரினும் நெருங்கியவர்கள். ஒரே கிண்ணத்தில் பாதிப் பாதி அருந்துவது அவர்கள் வழக்கம். தாயை இழந்த சிசுவான ஜெராட்டை ஏழாண்டுகள் யாருமறியாமல் பாலூட்டி வளர்த்தவள் அயர்லாந்துக்காரியான காஹலின் அன்னை. அயர்லாந்துக்காரரோடு அப்படிப்பட்ட உறவு கொண்ட ஆங்கிலேயனுக்குத் தூக்குமரம் என்ற சட்டத்தைப் பாராளுமன்றத்தில் தொண்டை கிழிய ஆதரித்தவர் யார் என்கிறீர்கள்? தம் ரகசியத்தைக் காத்துக்கொள்ள நினைத்த நம் பிரபுவேதான்!

"இவனை அறிவீரா, பிரபுவே?" தளபதியின் கை வாளுக்குச் சென்றது.

பிரபுவின் விரல்கள் கிண்ணத்தை நோக்கி நீண்டன. பாதி வழியில் நின்றன. அறிவேன் என்றால் தூக்குமரத்தில் இருவர். அறியேன் என்றாலோ, ஒரே மார்பில் பாலருந்திய உறவையே மறுப்பதாகும். தாம் எழுதிய எழுத்தைத் தாமே அழிக்க முடியாத பாவியாகிவிட்டார் அவர்.

காஹல் அந்த விரல்களையே சற்று நேரம் பார்த்தான். பிறகு கிண்ணத்தைத் தன் வாய்க்கே திருப்பிச் சொட்டு மிச்சமின்றிக் குடித்துத் தீர்த்தான்.

"நல்ல மது. இங்கே எனக்கு எவரையும் தெரியாது, தளபதியாரே. வாரும், போகலாம்."

கதவு சாத்தப்பட்டது. சற்றைக்கெல்லாம் முற்றத்தில் முரசு அதிர்ந்தது.

"அவன் என் தம்பி" என்றார் சர் ஜெராட், வெறுங்கிண்ணத்தை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, கேட்க எவருமில்லாத அந்த மண்டபத்தில்.